டேட்டாபேஸ் கேள்வி பதில்: ஃபைல் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் ஐந்தை எடுத்திருக்கிறேன். ஐந்திலும் சிக்கல் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது: அலுவலக சர்வரில் ஒரு பகுதி புதிதாகிவிட்டது, அதோடு பேச வேண்டிய இன்னொரு பகுதி பழையதாகவே நிற்கிறது. முதல் கடிதத்துக்கு நீளமாகவே பதில் எழுதுகிறேன். அந்த அலுவலகத்துக்கு நாள் அதிகம் இல்லை.

கேள்வி: ஒரு நூல் ஏஜென்சியில் கணக்கு பார்க்கிறேன். சர்வரைக் கவனிக்கத் தனி ஆள் கிடையாது, அதுவும் என் பொறுப்புதான். மூன்று வாரத்துக்கு முன் சர்வீஸ் ஆள் வந்து சர்வரின் உபுண்டு லினக்ஸை 20.04-லிருந்து 22.04 ஆக்கி, டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸையும் 12-லிருந்து 14-க்கு மாற்றினார். பில்லிங் நன்றாக ஓடுகிறது. ஆனால் என் விண்டோஸ் கம்ப்யூட்டரில் இரவு தானாக எடுக்கும் பேக்கப் ஃபைல்கள் எல்லாம் அன்றிலிருந்து 0 பைட் என்று நேற்றுதான் கவனித்தேன். கையால் ஓட்டிப் பார்த்தால் ‘சர்வர் வெர்ஷன் மிஸ்மேட்ச்’ என்று சொல்லி நின்றுவிடுகிறது. ஸ்கிரிப்ட் 30 நாள் பேக்கப்பை வைத்துக்கொண்டு அதற்கு முந்தையதை அழித்துவிடும். இதுபோக, குடோனில் உள்ள பழைய கம்ப்யூட்டர் மட்டும் ‘ஆதென்டிகேஷன் மெதட் 10 நாட் சப்போர்ட்டட்’ என்கிறது. பாஸ்வேர்டை மாற்றிய நாளிலிருந்து இப்படி. முதலாளி பழையபடி 12-க்கே போகச் சொல்கிறார். செய்யலாமா?
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: இதைப் படித்த கையோடு அந்த இரவு ஸ்கிரிப்டை நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம். அது 30 நாளுக்கு முந்தையதை அழிக்கிறது, நல்ல பேக்கப் நின்று மூன்று வாரம் ஆகிறது. அதாவது தினமும் ஒரு காலி ஃபைலைச் சேர்த்துக்கொண்டு, ஒரு நல்ல ஃபைலைத் தூக்கி எறிகிறது. இன்னும் ஒன்பது நாள் இப்படியே ஓடினால் உங்களிடம் காலி ஃபைல்கள் மட்டுமே மிஞ்சும். மிச்சமிருக்கும் நல்ல ஃபைல்களை இன்றே ஒரு பென் டிரைவிலும் எடுத்து வையுங்கள்.

அடுத்து, இன்றைய தேதிக்கு ஒரு பேக்கப். அதை உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து எடுக்காமல் சர்வரிலேயே உட்கார்ந்து எடுங்கள். 14-ஐ நிறுவியபோதே, டேட்டாபேஸை ஒரு ஃபைலாக நகலெடுக்கும் (டம்ப் எடுக்கும்) ‘பிஜி_டம்ப்’ கருவியின் 14-ம் அங்கே வந்திருக்கும். போஸ்ட்கிரெஸ் பயனராக நுழைந்து, கஸ்டம் ஃபார்மட்டில் டம்ப் எடுங்கள். கூடவே ‘பிஜி_டம்ப்ஆல்’ கட்டளையை ‘குளோபல்ஸ் ஒன்லி’ விருப்பத்தோடு ஒரு முறை ஓட்டுங்கள். தனி டேட்டாபேஸ் டம்ப்பில் பயனர் பெயர்களும் பாஸ்வேர்டுகளும் சேராது. பலருக்கு இது தெரியாமல், மீட்டெடுக்கும் நாளில் எந்தப் பயனரும் இல்லாத டேட்டாபேஸைப் பார்த்துத் திகைக்கிறார்கள்.

சரி, ஏன் இப்படி ஆனது? போஸ்ட்கிரெஸ் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் பல துண்டுகள். தரவைக் காக்கும் சர்வர் ஒன்று. டம்ப் எடுக்கும் கருவியும் கட்டளை தட்டும் ‘பிசீக்வல்’ கருவியும் வேறு. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் இருந்துகொண்டு சர்வரோடு பேச உதவும் டிரைவர் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் தனி வெர்ஷன் எண் உண்டு. சர்வீஸ் ஆள் மாற்றியது சர்வரில் உள்ளதை மட்டும். உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரில் டம்ப் கருவி இன்னும் 12-தான். சர்வரின் முதன்மை எண் தன்னுடையதைவிடப் புதியது என்று தெரிந்தால் அந்தக் கருவி வேலை செய்ய மறுத்துவிடும்.

அது மறுப்பது உங்கள் நல்லதுக்குத்தான். டம்ப் கருவி, சர்வரின் உள் அட்டவணைகளைப் படித்துத்தான் எந்த டேபிள், எந்த இன்டெக்ஸ், எந்த உரிமை என்று தெரிந்துகொள்கிறது. அந்த உள் அட்டவணைகள் ஒவ்வொரு முதன்மை வெர்ஷனிலும் மாறும். போஸ்ட்கிரெஸ் 12 வந்தபோது, காலங்காலமாக இருந்த ‘ஏடிஎஸ்ஆர்சி’ என்ற உள் நெடுவரிசையை எடுத்துவிட்டார்கள். அதை நம்பியிருந்த பழைய கருவிகள் பல அன்றே உடைந்தன. புதிய சர்வரில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பழைய கருவிக்குத் தெரிய வழியே இல்லை. பாதி எடுத்துவிட்டு ‘முடிந்தது’ என்று சொல்வதைவிட, எடுக்கவே மாட்டேன் என்பது ஆயிரம் மடங்கு மேல். வெர்ஷனைப் பார்க்காமல் ஓட்டச் சொல்லும் ஒரு விருப்பத்தைப் பழைய குறிப்புகளில் யாராவது காட்டினால் தேட வேண்டாம். இப்போது அது கிடையாது.

எதிர்த்திசையில் தடை இல்லை. புதிய டம்ப் கருவி பழைய சர்வரைப் படிக்கும். 15-ஆம் வெர்ஷன் கருவி, 9.2 சர்வர் வரைக்கும் பின்னால் போகும். அதனால் விதி எளிது: கருவி சர்வருக்குச் சமமாக இருக்கலாம், புதிதாக இருக்கலாம், பழையதாக மட்டும் இருக்கக் கூடாது. இங்கே கணக்கு முதன்மை எண்ணுக்குத்தான். 14.5-ம் 14.12-ம் ஒன்றுக்கொன்று நன்றாகப் பேசும். 2017-இல் வந்த 10-க்கு முன்னால் மட்டும் முதல் இரண்டு எண்களும் சேர்ந்துதான் முதன்மை வெர்ஷன், 9.5-ம் 9.6-ம் வேறு வேறு.

யாருக்கு எந்த வெர்ஷன் என்று பார்க்கும்போது ஓர் இடத்தில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். ‘பிசீக்வல்’ கருவியிடம் ‘வெர்ஷன்’ விருப்பத்தைக் கொடுத்துக் கேட்டால் அது சொல்வது தன் வெர்ஷனை. சர்வருடையதைத் தெரிந்துகொள்ள, உள்ளே நுழைந்து ‘செலக்ட் வெர்ஷன்’ என்று கேட்க வேண்டும். இரண்டையும் எழுதி வையுங்கள். விண்டோஸில் ‘வேர் பிஜி_டம்ப்’ (where pg_dump) என்று கேட்டால் எந்த ஃபோல்டரில் உள்ள கருவி ஓடுகிறது என்று தெரியும். 14-ஐ நிறுவிய பிறகும், விண்டோஸ் கருவிகளைத் தேடும் ஃபோல்டர் பட்டியலான பாத் வரிசையில் 12-இன் ஃபோல்டர் முன்னால் நின்றால் பழையதுதான் ஓடும். ஸ்கிரிப்டில் ஃபோல்டரின் முழுப் பாதையையும் எழுதிவிடுவது நல்லது. பிஜிஅட்மின் என்ற போஸ்ட்கிரெஸ் நிர்வாகக் கருவி வழியாக பேக்கப் எடுப்பவர்கள், அதன் ப்ரெஃபரன்ஸில் பைனரி பாத் என்ற இடத்தைப் பார்க்க வேண்டும்.

0 பைட் ஃபைல் எப்படி உருவாகிறது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஸ்கிரிப்டில் டம்ப் கட்டளைக்குப் பின்னால் அம்புக்குறி போட்டு ஃபைல் பெயர் கொடுத்திருப்பார்கள். கட்டளை ஓடுவதற்கு முன்பே விண்டோஸ் அந்தப் பெயரில் ஒரு காலி ஃபைலைத் திறந்துவிடும். கட்டளை தோற்றாலும் ஃபைல் நிற்கும், தேதியோடு, ஒழுங்கான பெயரோடு. அதனால்தான் மூன்று வாரம் யார் கண்ணிலும் படவில்லை. ஸ்கிரிப்டை இப்படி மாற்றச் சொல்லுங்கள்: தற்காலிகப் பெயரில் டம்ப் எடுக்கட்டும், கட்டளை வெற்றி என்று திரும்பினால் மட்டும் சரியான பெயர் வைக்கட்டும், அன்றைய பேக்கப் நன்றாக வந்தால் மட்டுமே பழையதை அழிக்கட்டும். மாதம் ஒரு தடவையாவது ஒரு ஃபைலை எடுத்து, காலி டேட்டாபேஸ் ஒன்றில் ஏற்றி, கடைசி பில் எண் வந்திருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்றே கணக்கில் எடுப்பதில்லை.

குடோன் கம்ப்யூட்டர் விஷயம் வேறு, ஆனால் அதுவும் வெர்ஷன் சிக்கல்தான். அந்தச் செய்தியில் வரும் 10 என்பது விண்டோஸ் 10-ம் இல்லை, போஸ்ட்கிரெஸ் 10-ம் இல்லை. சர்வர் எந்த முறையில் பாஸ்வேர்டைக் கேட்கிறது என்பதற்கான குறியீட்டு எண் அது. ‘ஸ்க்ராம்’ என்ற பாதுகாப்பான முறை 10-ஆம் வெர்ஷனில் வந்தது, 14-இல் இயல்பு முறை ஆனது. சர்வரை மாற்றியபோது பழைய பாஸ்வேர்டு எம்டி5 என்ற பழைய முறையின் வடிவத்திலேயே நகர்ந்திருக்கும், அதுவரை பழைய டிரைவரும் சமாளித்தது. சர்வீஸ் ஆள் பாஸ்வேர்டைப் புதிதாக வைத்தாரே, அந்த நொடியில் அது ஸ்க்ராம் வடிவத்துக்கு மாறியது. குடோன் கம்ப்யூட்டரின் ஓடிபிசி டிரைவர் அதற்கு முந்தைய காலத்தது, அதற்கு இந்த முறை தெரியாது. அந்த ஒரு கம்ப்யூட்டரில் டிரைவரைப் புதுப்பித்தால் போதும். பாஸ்வேர்டை எம்டி5-க்கே திருப்பி வைக்கலாம் என்று யாராவது சொல்லக்கூடும். முடியும், ஆனால் செய்யாதீர்கள். 2025-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 18, எம்டி5 பாஸ்வேர்டைக் கைவிடப்போவதாக எச்சரிக்கையே காட்டுகிறது.

கடைசியாக முதலாளியின் யோசனை. 12-க்குத் திரும்பக் கூடாது என்பதற்கு அவர் காதில் ஏறும் காரணம் ஒன்று உண்டு. கடந்த மூன்று வாரப் பில்கள் 14-இல் மட்டும்தான் இருக்கின்றன. சர்வர் டெர்மினலில் ‘பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ்’ என்று தட்டிப் பாருங்கள். அநேகமாக இரண்டு வரி வரும்: 14 ஒன்று போர்ட் 5432-இல் ஓடிக்கொண்டிருக்கும், 12 ஒன்று 5433-இல் நிறுத்தப்பட்டு நிற்கும். அந்த 12, மாற்றிய நாளோடு உறைந்துபோனது. யாராவது அதைக் கிளப்பி பில்லிங்கை அதனோடு இணைத்துவிட்டால், இரண்டு கணக்குப் புத்தகங்களில் மாறி மாறி எழுதிய கதை ஆகிவிடும். பிறகு இரண்டையும் சேர்ப்பது பெரும்பாடு. 14-இன் தரவு ஃபோல்டரை 12-ஆல் திறக்கவும் முடியாது. அந்த ஃபோல்டரில் வெர்ஷன் எண் எழுதிய ஒரு சிறு ஃபைல் இருக்கிறது, சர்வர் அதைப் பார்த்துவிட்டுத் தொடங்க மறுக்கும். அந்த எண்ணைக் கையால் திருத்தி ஏமாற்றலாம் என்று யார் சொன்னாலும் அவரை சர்வர் பக்கம் விடாதீர்கள். தவிர, 12-க்கான ஆதரவு 2024 நவம்பரோடு முடிந்தது. 14-க்கு 2026 நவம்பர் வரை உண்டு. நல்ல பேக்கப் இரண்டு இடத்தில் சேரும் வரை அந்தப் பழைய 12-ஐ நீக்கவும் வேண்டாம், தொடவும் வேண்டாம்.

கேள்வி: எங்கள் பள்ளி அலுவலகத்தில் மாணவர் சேர்க்கை எண் ‘2019-14’ மாதிரி இருக்கும். சர்வரை செண்ட்ஓஎஸ் 7-லிருந்து ராக்கி லினக்ஸ் 8-க்கு மாற்றினோம். போஸ்ட்கிரெஸ் 13-ஐ மாற்றவே இல்லை, ஃபோல்டரை அப்படியே நகலெடுத்தோம். இப்போது சில எண்களைத் தேடினால் ‘இல்லை’ என்கிறது. முழுப் பட்டியலை எடுத்தால் அதே எண் இருக்கிறது. ஒரே எண் இரண்டு தடவை பதிவாகியும் இருக்கிறது. வெர்ஷன் ஒன்றாகத்தானே இருக்கிறது?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: போஸ்ட்கிரெஸ் வெர்ஷன் ஒன்றுதான். மாறியது அதற்கு அடியில் இருக்கும் ‘ஜிலிப்சி’ என்ற லினக்ஸ் நூலகம். செண்ட்ஓஎஸ் 7-இல் அது 2.17, ராக்கி 8-இல் 2.28. எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது என்ற விதியை போஸ்ட்கிரெஸ் இயல்பாக அந்த நூலகத்திடமிருந்துதான் வாங்கிக்கொள்கிறது. 2018 ஆகஸ்டில் வந்த 2.28-இல் அந்த விதிகளைப் பெரிய அளவில் மாற்றினார்கள். ஒரு சின்னச் சோதனை போதும். ‘11’, ‘1-1’ என்ற இரண்டையும் அமெரிக்க ஆங்கில அமைப்பில் வரிசைப்படுத்தச் சொன்னால், பழைய நூலகம் 11-ஐ முதலில் வைக்கும், புதியது 1-1-ஐ முதலில் வைக்கும். இடையில் கோடு போட்ட சேர்க்கை எண்கள் இந்த மாற்றத்தில் நேராகப் போய் மாட்டும்.

உங்கள் இன்டெக்ஸ், அதாவது வேகமாகத் தேடுவதற்காக வரிசைப்படுத்தி வைத்த பட்டியல், பழைய வரிசையில் கட்டப்பட்டது. இப்போது தேடுவது புதிய வரிசை விதியோடு. தேடல், இடப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் வலப்பக்கம் திரும்பி, அங்கே காணாமல் ‘இல்லை’ என்று சொல்லிவிடுகிறது. முழுப் பட்டியல் இன்டெக்ஸ் வழியாகப் போகாமல் டேபிளை நேராகப் படிப்பதால் அதில் எல்லாம் வருகிறது. இரட்டைப் பதிவும் அதே காரணம்தான்: ‘இந்த எண் ஏற்கெனவே இருக்கிறதா’ என்று பார்க்கும் சோதனையும் அந்த இன்டெக்ஸைத்தான் நம்புகிறது.

மாணவர் பதிவுகள் என்பதால் அவசரப்படாமல் செய்யுங்கள். பள்ளி இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் வெளியேற்றிவிட்டு, முதலில் முழு பேக்கப். பிறகு அந்த அமர்வில் இன்டெக்ஸ் வழித் தேடல்களை அணைத்துவிட்டு, இரட்டை எண்களைப் பட்டியலிடுங்கள். எது சரியான பதிவு என்பதை அலுவலகத்தில் சேர்க்கைப் பதிவேடு வைத்திருப்பவர் முடிவு செய்யட்டும். கம்ப்யூட்டர் ஆள் முடிவு செய்யக் கூடாது. அது முடிந்ததும் ‘ரீஇன்டெக்ஸ் டேட்டாபேஸ்’. இரட்டைப் பதிவு ஒன்று மிச்சமிருந்தாலும், ஒரே எண் இரண்டு முறை வர அனுமதிக்காத யுனீக் இன்டெக்ஸைக் கட்ட முடியாது என்று அங்கேயே நின்றுவிடும். வெறும் எண், தேதி நெடுவரிசைகளின் இன்டெக்ஸுக்கு இதில் பாதிப்பு இல்லை, எழுத்து நெடுவரிசைகளுக்கு மட்டும்தான் (கோடு போட்ட உங்கள் சேர்க்கை எண்ணும் இதில் சேரும்). போஸ்ட்கிரெஸ் 15-லிருந்து டேட்டாபேஸ் கட்டியபோது இருந்த நூலக வெர்ஷனைக் குறித்துவைத்து, மாறினால் எச்சரிக்கிறது. உங்கள் 13 அதைச் செய்யாது. 13-க்கான ஆதரவு 2025 நவம்பரோடு முடிந்துவிட்டது என்பதால், இன்டெக்ஸ் சரியானதும் அடுத்த வேலையாக மேலே ஏறப் பாருங்கள். அப்போது ஃபோல்டர் நகல் வேண்டாம். டம்ப் எடுத்து ஏற்றினால் இன்டெக்ஸ் எல்லாம் புதிதாகவே கட்டப்படும்.

கேள்வி: தலைமை அலுவலகம் எஸ்க்யூஎல் சர்வர் 2019-இல் எடுத்த பேக்கப்பை எங்கள் 2017-இல் ஏற்ற முடியவில்லை. கம்பாட்டிபிலிட்டி லெவலை 140 (2017-க்கான எண்) ஆக்கி எடுத்து அனுப்பச் சொல்லலாமா?
— ஒரு வாசகர், கோவை

பதில்: பயன் இல்லை. அந்த லெவல், கேள்விகளை எப்படி நடத்த வேண்டும் என்பதை மட்டும்தான் மாற்றும். ஃபைலின் உள்ளமைப்பு 2019-ஆகவே இருக்கும். பிழைச் செய்தியில் வரும் 15 என்பது 2019, 14 என்பது 2017. புதியதிலிருந்து பழையதுக்கு பேக்கப் இறங்காது. உங்கள் பக்கம் 2019 எக்ஸ்பிரஸை நிறுவுங்கள், அது இலவசம். ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபியைத் தாண்டக் கூடாது என்பது அதன் வரம்பு. அதைத் தாண்டினால், டேபிள் அமைப்பையும் தரவையும் ஸ்கிரிப்டாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: அச்சகத்தில் ஆர்டர் டேட்டாபேஸை எக்செலுக்குக் கொண்டுவர ஓடிபிசி இணைப்பு உருவாக்கினேன். ‘ஆர்கிடெக்சர் மிஸ்மேட்ச்’ என்கிறது.
— ஒரு வாசகர், சிவகாசி

பதில்: உங்கள் எக்செல் 32 பிட், டிரைவர் 64 பிட், அல்லது நேர்மாறு. விண்டோஸில் ஓடிபிசி அமைப்பு ஜன்னல் இரண்டு உண்டு. ‘சிஸ்டம்32’ ஃபோல்டரில் இருப்பதுதான் 64 பிட். ‘சிஸ்வாவ்64’ ஃபோல்டரில் இருப்பதுதான் 32 பிட். பெயரை நம்பினால் தவறான ஜன்னலில்தான் போய் நிற்பீர்கள். எக்செலில் அக்கவுண்ட் பகுதிக்குப் போய், அபவுட் பட்டனை அழுத்தி எத்தனை பிட் என்று பாருங்கள். அதே பிட்டில் டிரைவரை நிறுவி, அதே பிட் ஜன்னலில் இணைப்பை உருவாக்குங்கள்.

கேள்வி: அலுவலகத்தில் மைஎஸ்க்யூஎல் 8-இல் எடுத்த டம்ப், வெளி ஹோஸ்டிங்கில் உள்ள மரியாடிபி 10.6-இல் ஏறவில்லை. பிழை எண் 1273, ‘தெரியாத கொலேஷன்’ என்கிறது. தமிழ்ப் பெயர்கள் நிறைய இருப்பதால் கை வைக்கத் தயக்கமாக இருக்கிறது.
— ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: தயங்குவது நல்லதுதான், ஆனால் இதைப் பத்திரமாகச் செய்யலாம். கொலேஷன் என்பது எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி. மைஎஸ்க்யூஎல் 8-இன் இயல்பு கொலேஷன் ‘யுடிஎஃப்8எம்பி4_0900_ஏஐ_சிஐ’. அதில் 0900 என்பது யூனிகோட் 9.0-ஐக் குறிக்கிறது. உங்கள் மரியாடிபிக்கு அந்தப் பெயர் தெரியாது. டம்ப் ஃபைலின் நகலில் அந்தப் பெயர் வருமிடமெல்லாம் ‘யுடிஎஃப்8எம்பி4_யூனிகோட்_சிஐ’ என்று மாற்றி ஏற்றுங்கள். நோட்பேடில் திறக்க வேண்டாம். பெரிய ஃபைலில் திணறும், சேமிக்கும்போது குறிமுறை மாறிவிடவும் கூடும். லினக்ஸில் ‘செட்’ (sed) கட்டளையால் மாற்றுங்கள்.

எழுத்துத் தொகுப்பு யுடிஎஃப்8எம்பி4-ஆகவே இருக்கட்டும். அதை வெறும் யுடிஎஃப்8 ஆக்கினாலும் ஓடும் என்பார்கள். நாம் வழக்கமாக எழுதும் தமிழ் எழுத்துக் குறிகள் ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் பெயர்கள் தப்பிவிடும். ஆனால் எமோஜிக்கு 4 பைட் வேண்டும். வாடிக்கையாளர் குறிப்பில் ஒன்று இருந்தாலும் அந்த வரி ஏறாது, அல்லது வெட்டுப்படும். இன்னொன்று: 0900 வகைக் கொலேஷன்கள் பெயரின் கடைசியில் உள்ள இடைவெளியைக் கணக்கில் எடுக்கும், யூனிகோட் சிஐ எடுக்காது. ‘செல்வி’ என்பதும் கடைசியில் இடைவெளியோடு தட்டிய ‘செல்வி ’ என்பதும் உங்கள் மைஎஸ்க்யூஎல்லில் இரண்டு பெயர், மரியாடிபியில் ஒன்று. யுனீக் நெடுவரிசையில் இப்படி இருந்தால் ‘டூப்ளிகேட் என்ட்ரி’ என்று நிற்கும். அலுவலக சர்வரில் அந்த இடைவெளிகளை முதலில் களைந்துவிட்டு, மறுபடி டம்ப் எடுத்து ஏற்றுங்கள்.